ஸ்வீடன் சாத்தானும் சிங்கப்பூர் ருத்ரனும்

2019 மார்ச் 7, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் அன்று இரவு ஒரு கச்சேரி நடப்பதாக இருந்தது. ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரத்தைச் சேர்ந்த 'வாட்டைன்' என்ற பிளாக் மெட்டல் குழு. டிக்கெட் விற்றாகிவிட்டது, குழுவும் வந்து இறங்கியாகிவிட்டது. அரசு அனுமதிகூடக் கிடைத்திருந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் வரலாம், மதங்களைப் புண்படுத்தும் எதுவும் மேடையில் கூடாது என்பவை நிபந்தனைகள். அப்படியிருந்தும் கச்சேரி நாளன்றே அனுமதி ரத்தானது. ரத்து செய்யச் சொன்னது உள்துறை அமைச்சகம். அமைச்சர் கா. சண்முகம், தமிழர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சிங்கப்பூரில், ஏறக்குறைய அதே வம்சத்து இசையை, 1992இலிருந்து சில தமிழ் இளைஞர்கள் வாசித்து வந்திருக்கிறார்கள். குழுவின் பெயர் ருத்ரா. வாட்டைனுக்கும் ருத்ராவுக்கும் முப்பாட்டன் ஒன்றுதான். ஒருவர் சாத்தானைக் கூப்பிடுகிறார், இன்னொருவர் உபநிஷத்து சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் என்று ஒரு ஊர். நிலக்கரி, கப்பல் கட்டுதல் என்று வாழ்ந்து, பிறகு அந்தத் தொழில்கள் படுத்ததால் கூடவே படுத்த ஊர். அங்கிருந்து 'வெனம்' என்ற மூவர் குழு 1982இல் 'பிளாக் மெட்டல்' என்ற பெயரில் ஒரு ஆல்பம் போட்டது. ஒரு இசை வகைக்கே அந்த ஆல்பத்தின் பெயர் நிலைத்துவிட்டது. வாசிப்பு சுமார், ஒலிப்பதிவு அதைவிடச் சுமார். சாத்தான் என்றெல்லாம் பாடினார்களே தவிர அவர்களுக்கு அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. நம்மூர் பேய்ப்பட இயக்குநருக்குப் பேய் மேல் இருக்கும் பக்திதான் அது.

அந்த நாடகத்தை நிஜமான பயமாக மாற்றிய பெருமை ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஒரு பையனுக்குப் போகிறது. மேடைப் பெயர் குவார்தான். 1966இல் பிறந்தவர். 1983இல் 'பாத்தரி' என்ற குழுவை ஆரம்பித்தபோது வயது பதினேழு. இளம்பெண்களைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட அந்தக் காலத்து ஹங்கேரிய சீமாட்டி ஒருத்தியின் பெயர் அது. 1984இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தில் பாத்தரிக்கு இடம் கிடைத்தது. அதே வருடம் ஒரு கார் ஷெட்டை மாற்றியமைத்த ஸ்டூடியோவில் முதல் முழு ஆல்பம் பதிவானது. அட்டையில் ஒரு ஆட்டுத் தலை. அதைத் தங்க நிறத்தில் அச்சடிக்க குவார்தானுக்கு ஆசை. தங்க மை விலை கட்டுப்படியாகவில்லை. வந்தது மஞ்சள் ஆடு! முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிகள். அந்த மஞ்சள் ஆட்டுப் பிரதிக்காக இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அச்சகத்தில் நேர்ந்த ஒரு சொதப்பல் இருபது முப்பது வருடத்தில் முதலீடாக மாறுவதைப் பொருளாதாரப் பாடப்புத்தகம் எந்த அத்தியாயத்தில் வைக்குமோ தெரியாது.

சரி, அந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருந்தது? தவில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். கடைசி ஒரு நிமிடத்தில் வித்வான் மொத்த சக்தியையும் திரட்டி அடிப்பாரே, அந்த வேகத்தை முதல் நொடியிலேயே ஆரம்பித்துக் கடைசிவரை இறக்காமல் வைத்திருந்தால் எப்படியிருக்கும்? அதன்மேல் கிடார் தந்திகளை ஈ மொய்ப்பது போன்ற இரைச்சலாக விடாமல் சுரண்டுவது. அதற்கும் மேல் மனிதக் குரலா மிருகக் குரலா என்று சந்தேகப்படவைக்கும் ஒரு அலறல். எல்லாவற்றையும் மோசமான மைக்கில் பதிவு செய்து, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து கேட்பதுபோல் ஆக்கிவிட வேண்டும்.

பிளாக் மெட்டல், த்ராஷ் மெட்டல் என்ற இரண்டு பெயர்களும் அப்போது தனித்தனிக் கடையாகப் பிரியவில்லை. த்ராஷ் என்பது வேகம், வெட்டு, தாளத்தில் ஒரு முரட்டுத்தனம். பிளாக் என்பது இருட்டும் அலறலும். இரண்டும் ஒட்டியிருந்த அந்த ஆரம்ப காலத்து முரட்டு வடிவத்துக்குத்தான் பிற்பாடு 'பிளாக் த்ராஷ்' என்று பெயர் வந்தது. 1990களில் மற்ற குழுக்கள் கீபோர்டு, வயலின் என்று பிளாக் மெட்டலை நாகரிகப்படுத்தியபோது, மேற்கு ஸ்வீடனின் ஒரு சின்ன ஊரில் இரட்டைப் பிறவிச் சகோதரர்கள் இருவர் 'நிஃபல்ஹைம்' என்ற குழுவை வைத்துக்கொண்டு பிடிவாதமாக அந்தப் பழைய வடிவத்தையே வாசித்தார்கள். ஆணி அடித்த தோல் பட்டை, கிழிந்த குரல், ராக்கெட் வேகம். 1995இல் முதல் ஆல்பம். இந்தச் சகோதரர்கள் அயர்ன் மெய்டன் வெறியர்கள் என்பதால் ஸ்வீடன் தொலைக்காட்சியில் அவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியே வந்து நாடு முழுக்கச் சிரித்தது. அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு கேள்வி வருகிறது. உலகத்திலேயே வசதியான, அமைதியான நாடுகளில் ஒன்று ஸ்வீடன். அங்கே எதற்கு இத்தனை கோபம்? ஒரு பதில் தேவாலயம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்வரை லூத்தரன் சபைதான் அங்கே அரசின் சபை. சபையும் அரசும் பள்ளிக்கூடமும் ஒரே குரலில் பேசும் ஊரில் ஒரு பையன் எல்லோரையும் ஒரே அடியில் அலறவைக்க நினைத்தால் சாத்தான்தான் சிக்கனமான வழி. இன்னொரு பதில் இன்னும் சுவாரசியமானது. ஊராட்சி நடத்தும் இசைப்பள்ளிகளில் ஸ்வீடன் பிள்ளைகள் குறைந்த செலவில் வாத்தியம் கற்றார்கள். அரசு மானியம் பெறும் கல்விச் சங்கங்கள் ஒத்திகைக்கு அறை கொடுத்தன. அரசாங்கத்தின் வரிப்பணத்தில் டிரம்ஸ் பழகி அரசாங்கத்தின் தேவாலயத்தைத் திட்டினார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

சரக்கு தயார், விற்பது எப்படி? ரேடியோ போடாது, கடை வைக்காது. அங்கேதான் கேசட் பண்டமாற்று வந்தது. ஸ்டாக்ஹோம் பையன் ஒரு டெமோ கேசட்டை பிரேசிலுக்கு அனுப்புவான். அங்கிருந்து ஒன்று மலேசியாவுக்குப் போகும். பதிலுக்கு வேறொன்று வரும். காசே கைமாறாது. தபால்தலை செலவுகூட மிச்சம். தலைமேல் சோப்போ பசையோ தடவி ஒட்டினால் தபால்காரர் குத்தும் முத்திரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். கூடவே கையால் எழுதி ஜெராக்ஸ் போட்ட சிறுபத்திரிகைகள். நம்மூர் இலக்கியச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்த வியாபார மாதிரி நன்றாகவே புரியும். முந்நூறு பேர்தான் படிப்பார்கள், அந்த முந்நூறு பேரும் வெறியர்கள். அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்கு நடைமுறை அர்த்தம் இதுதான். எளிதில் கிடைக்காது என்பதே பாதி கவர்ச்சி.

மீதிக் கவர்ச்சி ஒலியில் இருக்கிறது. இந்த முரட்டு ஒலி நமக்கு அவ்வளவு அந்நியமா என்றால், நீலகிரிக்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கோத்தகிரி என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கிறார்கள் கோத்தர்கள். இரும்பு அடிப்பது, பானை வனைவது, வாத்தியம் வாசிப்பது மூன்றும் அவர்கள் கையில். தோடர்களுக்கும் படகர்களுக்கும் அரிவாளும் கோடாலியும் செய்து கொடுத்தவர்களே அவர்கள் வீட்டுச் சாவுக்கு வந்து வாசிக்கவும் செய்தார்கள். நாகஸ்வரத்தின் தம்பி மாதிரி ஒரு குழல், தோல் வாத்தியங்கள், வளைந்த பித்தளைக் கொம்புகள். மலைச்சரிவில் அந்தக் கொம்பை ஊதினால் அடுத்த சரிவுக்குக் கேட்கும். 1990களின் தொடக்கத்தில் இவர்களோடு தங்கி ஆராய்ந்து 2005இல் புத்தகம் எழுதிய ரிச்சர்ட் வுல்ஃப் என்ற இசை ஆய்வாளர் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்கிறார். கோத்தர்களிடம் தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. சாவு மெட்டைச் சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்து வாசிப்பதில்லை. ஒலிக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக நம்பிக்கை.

1930களில் படகர்களில் ஒரு சாரார் சீர்திருத்தம் பேசத் தொடங்கினார்கள். படித்த, முன்னேறிய சமூகத்துக்கு இந்தச் சாவுக் கொட்டு எதற்கு, கோத்தர் இசையே வேண்டாம் என்றார்கள். பழைய வழக்கத்தை விடமாட்டோம் என்று இன்னொரு சாரார். கோத்தர் மேளம் வரலாமா கூடாதா என்பதில் படகர்களுக்குள்ளேயே கோஷ்டி பிரிந்து தகராறு ஆனது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இதைப் பதிவு செய்திருக்கிறார். சமவெளியில் பறைக்கு நடந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று ஒரு ஜாதியின் தலையில் கட்டிய வாத்தியம். அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் போராட்டம், பிற்காலத்தில் அதையே பெருமையோடு மேடையில் எடுத்து அடித்ததும் போராட்டம். கோத்தர் இசையையும் பறையையும் ஸ்வீடன் மெட்டலோடு சேர்த்துச் சொல்வது வம்பு என்று இசை தெரிந்தவர்கள் அடிக்க வரலாம். இசை ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. சத்தமும் சாவும் முரட்டுத்தனமும் சேரும் இடத்தில் ஊர் ஏன் பதற்றப்படுகிறது என்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது.

பதற்றத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1992இல் நார்வேயில் மரத்தாலான பழமையான தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1993இல் அங்கே ஒரு பிளாக் மெட்டல் இசைக்கலைஞர் இன்னொருவரைக் குத்திக் கொன்றார். ஸ்வீடனிலும் ரத்தம் உண்டு. 'டிசெக்‌ஷன்' என்ற பெயர்பெற்ற குழுவின் தலைவர் யோன் நோட்வைட், 1997இல் கோதன்பர்க் நகரப் பூங்காவில் ஒரு அல்ஜீரியர் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்று 2004 வரை சிறையில் இருந்தார். கொல்லப்பட்டவர் ஓரினச் சேர்க்கையாளர், புலம்பெயர்ந்து வந்தவர். 'இதெல்லாம் சும்மா நாடகம், கோபத்துக்கு ஒரு வடிகால்' என்று ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இந்த இடத்தில் எடுபடாது. எல்லோரும் நாடகம் ஆடவில்லை.

குவார்தானோ அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தார். சாத்தானும் தேவாலயம் பெற்ற பிள்ளைதானே, அதைத் திட்டுவதற்கு அதன் பொம்மையையே கடன் வாங்குவானேன் என்ற யோசனை அவருக்கு வந்துவிட்டது. 1988இல் வந்த 'பிளட் ஃபயர் டெத்' ஆல்பத்தில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வைக்கிங் மூதாதையர்கள் எட்டிப் பார்த்தார்கள். 1990இல் 'ஹேமர்ஹார்ட்' முழுக்க அவர்கள்தான். ஒலி கனமாகவே இருந்தது, சொல் மட்டும் சொந்த ஊருக்குத் திரும்பியது. இந்த ஒரு திருப்பம்தான் உலகத்தின் மற்ற மூலைகளில் இருந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது என்று துணிந்து சொல்லலாம். ஸ்வீடன்காரன் தன் பாட்டன் கதையைப் பாடலாம் என்றால் மற்றவர்களும் பாடலாமே. குவார்தான் 2004இல் 38 வயதில் இதயக் கோளாறால் இறந்தார். வாழ்நாளில் மேடை ஏறியது மிக மிகக் குறைவு.

சிங்கப்பூருக்கு வருவோம். முரட்டு மெட்டலுக்கு அது ஆச்சரியமான விளைநிலம். 1970களில் 'நீளமுடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள்' என்று அரசு அலுவலகங்களில் நோட்டீஸ் ஒட்டிய ஊர். அங்கேயே 1987இல் 'அப்ஹாரர்', 1990இல் 'இம்பயட்டி' என்று பிளாக், த்ராஷ், டெத் எல்லாம் கலந்த குழுக்கள் முளைத்தன. ஐரோப்பிய அண்டர்கிரவுண்ட் ரசிகர்கள் தேடி வாங்கிய பெயர்கள் இவை. கேசட் தபாலில் போன காலத்தில் ஸ்டாக்ஹோமுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தூரம் ஒரு ஒட்டிய உறைதான்.

1992இல் கதிர் (கதிரேசன்), பாலா, சிவா என்ற மூவர் ருத்ராவைத் தொடங்கினார்கள். கதிர் பேஸ் கிடாரும் குரலும், பாலா கிடார், சிவா டிரம்ஸ். 1994இல் ஒரு டெமோ, 1996இல் கலைந்து மறுபடி சேர்ந்தார்கள், 1998இல் முதல் ஆல்பம். வாசித்தது டெத், த்ராஷ், பிளாக் மூன்றும் கலந்த கலவை. ஆனால் இவர்களுக்குச் சாத்தான் யார்? மாரியம்மன் கோவில் தீமிதியையும் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதையும் பார்த்து வளரும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பையனுக்குக் கொம்பு வைத்த ஐரோப்பிய ஆடு பயமும் தராது, சிரிப்பும் தராது. பயங்கரம் வேண்டுமென்றால் வீட்டு பூஜை அறையிலேயே இருக்கிறது. மண்டையோட்டு மாலை போட்ட காளியைவிட எந்த ஆல்பம் அட்டை கறுப்பு? சுடுகாட்டில் சாம்பல் பூசி ஆடுகிறவனுக்கு மேக்கப் போட வேண்டுமா என்ன? ருத்திரன் என்ற பெயரே வேதத்தில் அலறுகிறவனோடு சேர்த்துப் பொருள் சொல்லப்படுவது. ஒரு மெட்டல் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது.

தங்கள் இசைக்கு 'வேத மெட்டல்' என்று பெயரிட்டார்கள். 2003இல் 'குருக்ஷேத்ரா'. 2005, 2009, 2011 என்று மூன்று பாகமாக 'பிரம்மவித்யா'. முழுக்க அத்வைத வேதாந்தம். கதிர் முறையாக வேதாந்தம் படித்தவர். மேடையில் உறுமுகிற இதே மனிதர் பிற்காலத்தில் மனதை அமைதியாக்கும் தியானப் பயிற்சி கற்றுக்கொடுப்பவராகவும் பெயர் வாங்கினார். முரணாகத் தெரிந்தால், மெட்டல் கேட்டு முடித்த பிறகு வரும் அமைதியை நீங்கள் இன்னும் அனுபவிக்கவில்லை என்று அர்த்தம் :)

இங்கே இரண்டு இடத்தில் இடிக்கவும் செய்கிறது. 2001இல் வந்த அவர்கள் ஆல்பத்தின் பெயர் 'தி ஆர்யன் க்ரக்ஸ்'. ஆரியம் என்றால் வேத மொழியில் மேன்மை என்று விளக்கம் உண்டு, அவர்கள் அந்த அர்த்தத்தில்தான் வைத்தார்கள். ஆனால் நூறு வருடமாக ஆரியம், திராவிடம் என்று பேசி வந்த தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும். ஐரோப்பாவிலோ பிளாக் மெட்டலின் ஓரத்தில் ஒரு நாஜிக் கும்பலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே அந்தச் சொல் இன்னும் மோசம். இரண்டாவது, மொழி. பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். சடங்கைக் கிழித்து, சாதியைத் திட்டி, உடம்பையே சந்தேகப்பட்ட சித்தர் பாடல்கள் தமிழில் மலைபோல் கிடக்கின்றன. சிவவாக்கியரைவிட கோபக்கார வரிகளை ஸ்வீடனில் தேடினாலும் கிடைக்காது. அவை ருத்ராவின் கையில் முழுசாகச் சிக்கியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்ற ஏக்கம் தமிழ் ரசிகனுக்கு வராமல் போகாது.

அதேசமயம் அவர்கள் செய்ததன் துணிச்சலையும் குறைத்துச் சொல்லக் கூடாது. யார் ஓதலாம், யார் கேட்கலாம், எந்த ஸ்வரத்தில் ஏற்றி இறக்க வேண்டும் என்று ஆயிரம் கட்டுப்பாடு உள்ள வரிகளை டிஸ்டார்ஷன் கிடாரோடு தொண்டை கிழியக் கத்துவது சின்ன விஷயமல்ல. சிங்கப்பூர் இசை அறிஞர் யூஜின் தைரியநாதன் 2009இல் இவர்களைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்டது, சிங்கப்பூரின் தென்னிந்திய சமூகத்தில் இந்த மாதிரி ஒரு குழுவுக்கு என்ன அடையாளம் என்ற கேள்வி. கோவில் கச்சேரிக்கும் ஒத்துவராது, தமிழ் சினிமாப் பாட்டு மேடைக்கும் ஒத்துவராது.

2019க்குத் திரும்பினால், வாட்டைனுக்கு எதிராக இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். மதங்களை இழிவுபடுத்துவதும், தேவாலய எரிப்பு உள்ளிட்ட வன்முறையை ஊக்குவிப்பதும் அந்தக் குழுவின் வரலாற்றில் இருக்கிறது, அது சமூக நல்லிணக்கத்தைக் கெடுக்கும் என்றது அமைச்சகம். ஏப்ரல் 1 அன்று சண்முகம் நாடாளுமன்றத்தில் வெறுப்புப் பேச்சைப் பற்றி நீண்ட விளக்கம் அளித்தார். அப்போது எம்.பி.க்களுக்குக் கொடுத்த தாளில் லேடி காகா, அரியானா கிராண்டே பாடல்களும் உதாரணமாக இடம்பெற்றதால் விவாதம் பாப் ரசிகர்கள் வரை போய்விட்டது. எந்தப் பாட்டு எல்லை தாண்டுகிறது என்று யார் தீர்மானிப்பது?

அமைச்சரின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1964இல் மதமும் இனமும் கலந்த கலவரத்தில் ரத்தம் பார்த்த ஊர் அது. பல மதம் ஒரே மாடிக் கட்டிடத்தில் குடியிருக்கிறது. ஆனால் தடை போட்டவர்களும் தடையைத் திட்டியவர்களும் சண்டை போட்டது வரிகளைப் பற்றி மட்டும்தான். அந்த வரிகளை அச்சடித்த தாள் இல்லாமல் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு சொல்கூடக் காதில் விழாது என்பதை யாரும் பேசவில்லை. வரி வெறும் அலங்காரம் என்றால் குவார்தான் அதை மாற்றச் சிரமப்பட்டிருக்க மாட்டார், ருத்ராவும் உபநிஷத்து தேடிப் போயிருக்காது. பாடுகிறவனுக்கு வரி உயிர். கேட்கிறவனைப் பிடித்து இழுப்பது என்னவோ அந்த இரைச்சல்தான்.

சிங்கப்பூரின் மத நல்லிணக்கச் சட்டம் 1990இல் நிறைவேறி 1992இல் அமலுக்கு வந்தது. ருத்ரா தொடங்கியதும் அதே 1992. வாட்டைன் 2022இல் புது ஆல்பம் வெளியிட்டது. அதே 2022இல் ருத்ராவும் 'எய்ட் மகாவித்யாஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மகாவித்யைகள் மொத்தம் பத்து. காளி, தாரா, தன் தலையைத் தானே வெட்டிக் கையில் ஏந்திய சின்னமஸ்தா, காக்கைக் கொடி பிடித்த விதவைத் தெய்வம் தூமாவதி என்று போகும் அந்த வரிசை. அதிலிருந்து எட்டுப் பேர்.